கட்டிலில் படுத்துப் படம் பார்க்க மலிவான சாமான்கள்: திருகோணமலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

திருகோணமலைக்கு மாற்றம் கிடைத்து வந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு சூட்கேஸ், ஒரு போன், உப்புவெளியில் வாடகைக்கு எடுத்த ஒரு அறை. டிவி இல்லை, வைக்க இடமும் இல்லை. பின்னேரம் கடற்கரையில் ஒரு நடை, இரவுச் சாப்பாடு, பிறகு நுளம்பு வலைக்குள் புகுந்து போனில் படம். மூன்றாம் நாளே தூக்கக் கலக்கத்தில் போன் கையை விட்டு நழுவி மூக்கில் விழுந்தது. 200 கிராம்தான். ஆனாலும் மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் "சேர், மூக்கில என்ன?" என்று கேட்கும் அளவுக்குத் தடம் இருந்தது.

அந்த மூக்கைக் காப்பாற்றத்தான் சாமான் வாங்கத் தொடங்கினேன். ஆறு மாதத்தில் ஏறக்குறைய 12,000 ரூபா போனது. அதில் 5,000 ரூபா சுத்த வீண். பிழையெல்லாம் ஒரே மாதிரிதான்: கட்டிலையும் பார்க்கவில்லை, போனில் என்ன ஓட்டை இருக்கிறது என்றும் பார்க்கவில்லை, பெட்டியில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிட்டேன்.

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்து நிலாவெளிப் பக்கம் போடிங் எடுக்கும் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு மாறி வரும் தாதியர், என்னைப் போன்ற வாத்திமார் எல்லாருக்கும் இது உதவும். விலைகள் நான் வாங்கிய நேரத்து விலைகள். டொலர் ஏறி இறங்கும்போது நூறு இருநூறு முன்பின்னாக இருக்கும்.

1. முதலில் அளந்து எழுதுங்கள் (பத்து நிமிடம், செலவு இல்லை)

தையல் டேப் ஒன்றை வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். கட்டிலின் தலைமாட்டுப் பலகை எத்தனை சென்ரிமீற்றர் தடிப்பு என்று பாருங்கள். பக்கச் சட்டத்தையும் அளவுங்கள். இரும்புக் கட்டில் என்றால் குழாய் உருண்டையா சதுரமா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தலையணையில் சாய்ந்து, போன் எங்கே நின்றால் வசதி என்று கையால் பிடித்துப் பார்த்து, அந்த இடத்திலிருந்து பலகை வரை எவ்வளவு தூரம் என்று அளவுங்கள். எனக்கு 55 சென்ரிமீற்றர் வந்தது.

அடுத்து போன். கவரோடு சேர்த்து அகலம் எவ்வளவு? பவர் பட்டன் எந்தப் பக்கம், எந்த உயரத்தில்? ஹெட்செட் குத்தும் உருண்டை ஓட்டை இருக்கிறதா? சார்ஜ் ஓட்டை டைப் சியா, பழைய மைக்ரோவா, ஐபோனா? இவற்றையெல்லாம் போனிலேயே ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். கடையில் நிற்கும்போது ஒன்றும் ஞாபகம் வராது.

சுவரில் உள்ள பிளக்கையும் பாருங்கள். பழைய வீடுகளில் 5 அம்பியர் உருண்டை முள் ஓட்டைதான் இருக்கும், இப்போது விற்கும் நல்ல சார்ஜர்கள் பலவும் 13 அம்பியர் சதுர முள்ளோடு வருகின்றன. பிளக் கட்டிலில் இருந்து எவ்வளவு தூரம் என்பதையும் அளந்துவிடுங்கள். கேபிள் வாங்கும்போது தேவைப்படும்.

2. போனைப் பிடிக்கும் கை (900 முதல் 1,800 ரூபா)

கிளாம்ப் ஸ்டாண்ட், லேசி ஸ்டாண்ட், பாம்பு ஸ்டாண்ட் என்று கடைக்கு ஒரு பெயர் சொல்வார்கள். ஒரு முனையில் கட்டிலைக் கவ்வும் திருகு, நடுவே வளைக்கக்கூடிய கம்பி, மறு முனையில் போனைப் பிடிக்கும் தாடை. எல்லாவற்றிலும் அதிகம் பயன்படுவது இதுதான், அதிகம் ஏமாறுவதும் இதில்தான்.

முதல் ஸ்டாண்டை நான் நகரத்தில் ஒரு கடையில் 1,250 ரூபாவுக்கு வாங்கினேன். "எந்தக் கட்டிலுக்கும் பிடிக்கும் அண்ணா" என்றான் கடைத் தம்பி. என் அறையில் இருந்தது அந்தக் காலத்துத் தேக்கங்கட்டில், பலகை 7 சென்ரிமீற்றருக்கு மேல். கிளாம்பின் வாய் முழுதாகத் திறந்தும் 6 தாண்டவில்லை. திருப்பிக் கொண்டுபோனபோது "பெட்டி கிழிஞ்சிட்டுதே அண்ணா" என்று கையை விரித்துவிட்டான். அது இப்போது பாடசாலையில் என் மேசையில் நிற்கிறது.

இரண்டாவதை அளந்த பிறகு வாங்கினேன், 1,350 ரூபா. வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

கையின் நீளம். ஒரு மீற்றர் கை பார்க்கத் தாராளமாகத்தான் இருக்கும். ஆனால் நீளம் கூடக் கூடத் தொய்வும் கூடும். போனை ஒரு மீற்றர் தூரத்தில் தொங்கவிட்டால், அரை மீற்றரில் விடுவதைப் போல இருமடங்கு இழுவை கிளாம்பில் விழும். விரலால் திரையைத் தொட்டால் ஐந்தாறு செக்கன் ஆடிக்கொண்டே இருக்கும், மேலே ஃபேன் சுற்றினால் அது பாட்டுக்கு ஆடும். நீங்கள் அளந்த தூரத்தை விட 15 சென்ரிமீற்றர் கூட இருந்தால் போதும். ஏற்கெனவே நீளமானதை வாங்கிவிட்டீர்களா? சரி, நடுப்பகுதியை ஒரு சுற்றுச் சுற்றிச் சுருக்கிவிடுங்கள், அல்லது பலகையில் சாய்த்து ஒரு துணிநாடாவால் கட்டிவிடுங்கள். ஆட்டம் பாதியாகக் குறையும்.

கம்பியின் விறைப்பு. கடையில் உங்கள் போனை மாட்டி, கையைக் கிடையாக நீட்டி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்திலேயே தலை குனிந்தால் வீட்டில் நடுப்படத்தில் உங்கள் நெஞ்சில்தான் வந்து நிற்கும். டெப் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருங்கள். 10 அங்குல டெப் சாதாரணமாக 450 முதல் 550 கிராம் வரை இருக்கும், போனின் இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கு வளையும் கம்பி சரிவராது. மூட்டு மூட்டாக மடியும் இரும்புக் கை வேண்டும், அது 3,000 ரூபாவுக்கு மேலே போகும்.

தாடை. இதை யாரும் சொல்ல மாட்டார்கள். என் போனில் பவர் பட்டன் பக்கத்தின் நட்ட நடுவில் இருக்கிறது. போனைக் கிடையாக மாட்டியதும் தாடை அந்தப் பட்டனை அமுக்கி, திரை அணைந்து அணைந்து எரிந்தது. மூன்று நாள் போன்தான் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாடையை ஓரமாகத் தள்ளிப் பிடிக்க இடமிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கவர் தடிப்பானது என்றால் அதோடு மாட்டிப் பாருங்கள்.

உருண்டைக் குழாய்க் கட்டிலில் எந்தக் கிளாம்பும் வழுக்கிச் சுற்றும். சைக்கிள் கடையில் பழைய டியூப் துண்டு கேட்டால் சும்மா தருவார்கள். அதை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் கிளாம்பைப் பூட்டினால் அசையாது.

நுளம்பு வலைக்கும் ஒரு வார்த்தை. வலையோடு சேர்த்துக் கிளாம்பைப் பூட்டாதீர்கள், இரண்டு கிழமையில் அந்த இடம் கிழிந்து விரல் நுழையும் ஓட்டை விழும். வலையைத் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் இறக்கி, பலகை முழுதும் வலைக்குள் வருமாறு விட்டுவிட்டு, பிறகு உள்ளே கிளாம்பைப் பூட்டுங்கள். சதுர வலையின் கயிறுகளை ஒரு சாண் தள்ளிக் கட்டினால் இடம் வந்துவிடும்.

தரையில் மெத்தை போட்டுப் படுப்பவர்களுக்குக் கிளாம்ப் பிடிக்க ஒன்றும் இல்லை. அவர்களுக்கு வயிற்றில் வைக்கும் மெத்தை ஸ்டாண்ட் இருக்கிறது, 1,500 ரூபா அளவில். நான் என்றால் அதை வாங்கவே மாட்டேன். பழைய தலையணை உறையின் ஒரு மூலையில் ஒரு கிலோ அரிசியைப் போட்டு இறுக்கித் தைத்து, நடுவில் கையால் ஒரு பள்ளம் அமுக்கினால் போன் அதில் சாய்ந்து நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரிசியை மாற்றுங்கள், வண்டு பிடிக்கும். (என் பக்கத்து அறைத் தம்பி மாற்றவில்லை. வண்டு மெத்தை வரைக்கும் குடியேறிவிட்டது.)

3. எல் வடிவக் கேபிள் (600 முதல் 900 ரூபா)

சாதாரணக் கேபிளின் முனை போனிலிருந்து நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். படுத்திருக்கும்போது அது தோளிலோ தலையணையிலோ இடிக்கும். இடிக்க இடிக்கச் சார்ஜ் ஓட்டை தளர்ந்துபோகும், அதை மாற்றக் கடையில் கேட்கும் காசுக்கு நாலு கேபிள் வாங்கலாம். முனை பக்கவாட்டில் மடிந்த எல் வடிவக் கேபிளைக் கேம் விளையாடும் பிள்ளைகளுக்கென்று விற்கிறார்கள். அதுதான் வேண்டும். நான் 750 ரூபாவுக்கு வாங்கினேன்.

நீளம் 2 மீற்றர் எடுங்கள். 3 மீற்றரில் மலிவானது வாங்கினால் உள்ளே செப்புக் கம்பி மெலிதாக இருக்கும், வழியிலேயே வோல்டேஜ் குறைந்து போன் ஆமை வேகத்தில் சார்ஜ் ஆகும். பிளக் தொலைவில் இருந்தால் எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரநிர்ணய) முத்திரை உள்ள நீட்டிப்பு வயர் ஒன்று வாங்குங்கள். உருண்டை முள்ளைச் சதுரமாக மாற்றும் 150 ரூபா அடப்டரை இரவு முழுக்கக் குத்தி வைத்திருக்க வேண்டாம். எனக்கு அதில் ஒரு நாள் பிளாஸ்டிக் உருகிய மணம் வந்தது.

போனைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவது கூடவே கூடாது. லித்தியம் பற்றரிக்குச் சூடு ஆகாது, பஞ்சு அந்தச் சூட்டை வெளியே விடாது.

4. சத்தம்

பக்கத்து அறையில் ஆள் இருந்தால் ஹெட்செட் இல்லாமல் படம் பார்க்க முடியாது. மூன்று வழி உண்டு.

உருண்டை ஓட்டை உள்ள போன் என்றால் 900 ரூபாவுக்கு நல்ல வயர் ஹெட்செட் ஒன்று போதும். சார்ஜ் போடத் தேவையில்லை, உதடும் சத்தமும் பிசகாது.

ஓட்டை இல்லாத போனுக்கு டைப் சி முனையுள்ள ஹெட்செட் அல்லது மாற்றி வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில மாற்றிகளுக்குள் டிஜிட்டல் சத்தத்தை மாற்றும் சிறு சிப் இருக்கும், சிலவற்றுக்குள் வெறும் கம்பிதான். வெறும் கம்பி உள்ளது சில போன்களில் மட்டும் வேலை செய்யும். வெளியில் இரண்டும் ஒரே மாதிரி. ஆகவே உங்கள் போனில் குத்தி, ஒரு பாட்டைப் போட்டுக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். "சார்ஜும் போடலாம், பாட்டும் கேட்கலாம்" என்று இரண்டு ஓட்டையோடு வருபவற்றையும் இரண்டையும் ஒன்றாகக் குத்திப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

புளூடூத் வசதிதான், ஆனால் மலிவானவற்றில் சத்தம் கால் செக்கன் வரை பிந்தி வரும். யூடியூப் அதைத் தானே சரிக்கட்டிவிடும், அதனால் கடையில் யூடியூப் போட்டுப் பார்த்தால் குறை தெரியாது. போனில் இறக்கி வைத்த படத்தைப் போட்டு, ஆள் கதைக்கும் இடத்தில் உதட்டைப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பிசகு தெரிகிறது என்றால் வி.எல்.சி. பிளேயரில் சத்தத்தின் தாமதத்தை மாற்றும் இடம் இருக்கிறது, 50 மில்லிசெக்கனாகத் தட்டிச் சரிசெய்யலாம்.

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு எந்த இயர்பட்டும் காதில் குத்தும். தலைப்பட்டி போலத் துணியில் தட்டையான ஸ்பீக்கர் வைத்தது ஒன்று 1,800 ரூபாவுக்குக் கிடைக்கிறது. மார்கழி மழைக்கு அது நல்லது. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசும்போது தலையில் கட்டினால் பதினைந்து நிமிடத்தில் வியர்வையில் ஊறிவிடும்.

5. படத்தை வைத்துக்கொள்ள ஓ.டி.ஜி. (250 ரூபா) மற்றும் பென் டிரைவ் (2,200 ரூபா)

வாடகை அறையில் வைஃபை இருந்தாலும் இரவு எட்டு மணிக்கு முழு வீடும் அதில்தான் தொங்கும். சந்தா கட்டும் ஆப் என்றால் பகலிலேயே ஆப்புக்குள் டவுன்லோட் செய்து வையுங்கள், இரவு சுற்றிக்கொண்டிருக்காது. உங்களிடம் சொந்தமாக உள்ள வீடியோக்களுக்கு 64 ஜிபி பென் டிரைவும், அதைப் போனில் குத்தும் சிறு ஓ.டி.ஜி. முனையும் போதும். சில போன்களில் செட்டிங்ஸுக்குள் ஓ.டி.ஜி. என்று தனியே ஒன்றை ஆன் செய்ய வேண்டும், அது தெரியாமல் பென் டிரைவ் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

ஒரே ஒரு சிக்கல்: பென் டிரைவ் ஃபேட் 32 (FAT32) என்ற கோப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்குப் பெரிய ஒரு கோப்பு அதில் ஏறாது. இடம் 50 ஜிபி மிச்சம் இருந்தாலும் ஏறாது. கணினியில் எக்ஸ்ஃபேட் (exFAT) முறைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், உங்கள் போன் எக்ஸ்ஃபேட்டை வாசிக்கிறதா என்று சின்னக் கோப்பு ஒன்றைப் போட்டு முதலில் பாருங்கள்.

6. காற்றும் கரண்டும்

நுளம்பு வலைக்குள் மேல் ஃபேனின் காற்று பாதிதான் வரும். கிளிப் வைத்த யு.எஸ்.பி. ஃபேன் ஒன்றைக் கால்மாட்டில் பூட்டிக்கொண்டால் கச்சான் காலத்திலும் ஒரு முழுப் படம் பார்க்கலாம். நான் கொடுத்தது 1,600 ரூபா. போன் ஸ்டாண்ட் பூட்டிய அதே பலகையில் இதைப் பூட்டாதீர்கள், அதிர்வு முழுக்கத் திரைக்கு வரும்.

கரண்ட் போகும் இரவுக்கு பவர் பேங்க். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லி நாடே இருளில் கிடந்தது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு என் பவர் பேங்கில் ஒரு புள்ளி சார்ஜ்தான் இருந்தது, அது என் பிழை.

10,000 மில்லியம்பியர் மணி (mAh) என்று எழுதியிருந்தால் 10,000 முழுதாகக் கிடைக்காது. அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரிக்குரியது, மொத்தம் 37 வொட் மணி. அதை 5 வோல்ட்டாக மாற்றும்போது ஒரு பங்கு சூடாகப் போய்விடும், கைக்கு வருவது 30 வொட் மணி அளவில். 3 வொட் ஃபேன் ஏறக்குறைய பத்து மணித்தியாலம் ஓடும், 5 வொட் என்றால் ஆறு. உள்ளங்கை அளவு பெட்டியில் 50,000 என்று எழுதி 2,000 ரூபாவுக்கு விற்பதைக் கண்டால் கையில் தூக்கிப் பாருங்கள். ஒழுங்கான 10,000 பவர் பேங்கே 200 கிராம் அளவில் இருக்கும். ஐந்து மடங்கு பற்றரி அதைவிட இலேசாக இருக்க வழியே இல்லை.

7. கடையில் கண்டும் காணாமல் வரவேண்டியவை

போன் திரையைப் பெரிதாக்கும் கண்ணாடி (1,400 ரூபா). பிளாஸ்டிக்கில் வட்டம் வட்டமாகக் கோடு கீறிய லென்ஸ்தான் அது. நேராக நடுவில் இருந்து பார்த்தால் மட்டும் பெரிதாகத் தெரியும், தலையை ஒரு சாண் நகர்த்தினால் படம் வளையும். லைற் அதில் பட்டு உங்கள் முகம்தான் தெரியும். அக்காவின் மகன் வந்திருந்தபோது எறும்பு பார்க்கக் கொடுத்துவிட்டேன்.

டைப் சி யிலிருந்து எச்.டி.எம்.ஐ. க்கு மாற்றும் முனை (1,850 ரூபா). வீட்டுக்கார அம்மா பழைய மொனிட்டர் ஒன்று தந்தார், அதில் போட்டுப் பார்க்கலாம் என்று வாங்கினேன். போனின் ஓட்டை வழியாகப் படம் வெளியே வர அந்த வசதி போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். மலிவு, நடுத்தர விலைப் போன்களில் பெரும்பாலும் இல்லை. ஓட்டையின் வடிவம் ஒன்றாக இருப்பதால் குத்தலாம், ஆனால் ஒன்றும் வராது.

செல்ஃபி பட்டன் (450 ரூபா). படத்தை நிறுத்தவும் ஓடவிடவும் ரிமோட் மாதிரி என்று சொல்லித்தான் தந்தார்கள். அது போனுக்கு அனுப்புவது வொலியூமைக் கூட்டும் கட்டளை மட்டும். அமுக்க அமுக்கச் சத்தம் கூடிக்கொண்டே போகும். உண்மையான புளூடூத் மீடியா ரிமோட் வேறு, அதில் நிறுத்தும் அடையாளம் தனியாக இருக்கும்.

5,000, 10,000 ரூபா மினி புரொஜெக்டர். என்னிடம் இல்லை, பக்கத்து அறையில் பார்த்தேன். "1080பி சப்போர்ட்" என்பதற்கு 1080பி வீடியோவை ஏற்றுக்கொள்ளும் என்றுதான் பொருள், சுவரில் விழும் படம் அதைவிட எத்தனையோ குறைவு. பெட்டியில் "நேட்டிவ்" என்று எழுதிய அளவைத்தான் பார்க்க வேண்டும். ஜன்னலில் திரை இல்லாத அறையில் தெருவிளக்கு வெளிச்சமே அதைத் தோற்கடித்துவிடும்.

பெயர் தெரியாத மலிவு டெப். சந்தா கட்டிப் பார்க்கும் ஆப்கள் வைட்வைன் எல் 1 (திருட்டுப் பிரதி எடுக்காமல் தடுக்கும் பாதுகாப்பு) இல்லாத டெப்பில் தெளிவு குறைந்த படத்தைத்தான் தரும். சிம் போடும் பழைய டெப் யாரிடமாவது வாங்குவதென்றால் *#06# அடித்து வரும் 15 இலக்க எண்ணை எடுத்து, ஆங்கிலத்தில் IMEI என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909 க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பதில் வரும். பதில் வரும் வரை காசைக் கையிலேயே வைத்திருங்கள்.

ஒன்றை மட்டும் எந்தப் பக்கமும் சேர்க்க முடியவில்லை: படுத்தபடியே கால்மாட்டைப் பார்க்க வைக்கும் முப்பட்டகக் கண்ணாடி. பார்வையை 90 பாகை திருப்பிவிடும், போனை வயிற்றில் நிறுத்தி வைத்துவிட்டு முகட்டைப் பார்த்தபடி படம் பார்க்கலாம். கழுத்து வலி உள்ளவர்களுக்கு உண்மையிலேயே சுகம். கூட வேலை செய்யும் ஒருவரிடம் இரவல் வாங்கிப் போட்டேன், முக்கால் மணித்தியாலத்தில் மூக்கு நோகத் தொடங்கியது. என் மூக்கின் கதை உங்களுக்குத் தெரியும்தானே. முடிந்தால் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

8. எங்கே, எப்போது, எந்தத் துண்டோடு வாங்குவது

நகரத்தில் மத்திய வீதி, என்.சி. வீதி, பிரதான வீதி மூன்றையும் ஒரு நடை நடந்தால் போன் சாமான் கடைகள் எல்லாம் அகப்படும். சனிக்கிழமை காலை போங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும், அது தெரியாமல் உப்புவெளியிலிருந்து பஸ் ஏறி வந்து வெயிலில் நின்றேன். கொழும்புக்குப் போகும் யாராவது இருந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி வரச் சொல்லலாம், விலை குறையும். ஆனால் பிழையானது வந்தால் திருப்பிக் கொடுக்க யாரும் 260 கிலோமீற்றர் போகப்போவதில்லை. கிளாம்ப், ஹெட்செட், மாற்றி மூன்றும் கையில் வைத்துச் சோதிக்க வேண்டியவை, அவற்றை இங்கேயே வாங்குங்கள். கேபிள், பென் டிரைவ், ஃபேன் எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை.

பில் கேளுங்கள். சின்னச் சாமானுக்குப் பில்லா என்று பார்ப்பார்கள், பார்க்கட்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. "ஸ்டாண்ட் 1" என்று மட்டும் எழுதாமல் திகதி, பொருளின் பெயர், விலை, கடையின் முத்திரை, "பொருந்தாவிட்டால் 3 நாளில் மாற்றலாம்" என்பதுபோல வாயால் சொன்னது எல்லாவற்றையும் பேனாவால் எழுதி வாங்குங்கள். என்னுடைய முதல் கிளாம்புக்குப் பில் இல்லை, அதனால்தான் கதைக்க வாய் இல்லாமல் போனது. வெப்பத்தாளில் அடிக்கும் பில் இரண்டு மாதத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். வாரண்டி அட்டை தந்தால் திகதியும் முத்திரையும் கடையில் வைத்தே போடச் சொல்லுங்கள். பெட்டியைக் கிழிக்காமல் திறந்து, ஒரு கிழமை கட்டிலுக்கு அடியில் வைத்திருங்கள்.

ஒன்லைனில் எடுத்தால் கொழும்பிலிருந்து எனக்கு மூன்று முதல் ஆறு நாளில் வந்தது. போயா நாளும் ஞாயிறும் கணக்கில் இல்லை. டெலிவரித் தம்பி அழைக்கும்போது எடுக்காவிட்டால் இரண்டு தரத்தில் பொதி திரும்பிப் போய்விடும், பாடசாலையில் போனை அமைதியில் வைத்திருக்கும் எங்களுக்கு இதுதான் தொல்லை. விலாசத்தில் வீட்டுக்கார அம்மாவின் இலக்கத்தையும் போட்டு, காசை அவரிடம் கொடுத்து வைத்தேன், பிரச்சினை தீர்ந்தது. பெட்டியை உடைக்கும்போது விலாசத் துண்டு தெரியத் தொடக்கத்திலிருந்து வீடியோ எடுங்கள். உடைந்த கிளிப்போடு வந்த ஃபேன் ஒன்றுக்கு அந்த வீடியோவைக் காட்டித்தான் மாற்று வாங்கினேன், பத்து நாள் பிடித்தது. வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைப்பது இந்த விலைச் சாமானுக்குச் சரிவராது. மாதக் கணக்கில் இழுபடலாம், சுங்கத்தில் வரி போட்டால் மலிவு என்பதே இல்லாமல் போகும்.

கடைக்காரர் ஒரேயடியாக மறுத்தால் 1977 க்கு அழைத்து நுகர்வோர் அதிகார சபையிடம் கேட்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பில்லின் பிரதி இல்லாமல் போனால் அங்கேயும் கதை நீளும்.

9. முதல் இரவு

கிளாம்பைப் பூட்டிய உடனே போனை மாட்டாதீர்கள். போனின் எடைக்கு ஒரு சவர்க்காரக் கட்டியையோ இரண்டையோ தாடையில் மாட்டி அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். சவர்க்காரம் கீழே வந்திருந்தால் திருகு காணாது.

போனை முகத்துக்கு நேர் மேலே வைக்காமல் நெஞ்சுக்கு மேலே கொண்டுவந்து, திரையை உங்கள் பக்கம் சரியுங்கள். விழுந்தாலும் நெஞ்சில்தான் விழும். கண்ணிலிருந்து 40 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். தலைக்கு இரண்டாவது தலையணை வைத்தால் கழுத்து மடியாது. ஒட்டோ ரொட்டேட்டை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நீங்கள் போனைத் தொட்டுச் சரிக்கும்போதெல்லாம் படம் நிமிர்ந்து படுக்கும். ஆண்ட்ராய்ட் 12 அல்லது அதற்குப் பிந்திய போன்கள் பலவற்றில் வெளிச்சத்தை வழமையான அளவுக்கும் கீழே குறைக்கும் "எக்ஸ்ட்ரா டிம்" இருக்கிறது. லைற் அணைத்த அறையில் அது கண்ணுக்குப் பெரிய ஆறுதல். தூங்கிவிடும் பழக்கம் இருந்தால் வி.எல்.சி. யில் தூக்க நேரம் வைக்கலாம், 45 நிமிடத்தில் தானாக நின்றுவிடும்.

கடைசியாக உப்புக்காற்று. கடலிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் என் அறை, ஜன்னல் எப்போதும் திறந்தே கிடக்கும். இரண்டாம் மாதம் கிளாம்பின் திருகில் செம்மண் நிறத்தில் தூள் ஒட்டியிருந்தது, நாலாம் மாதம் திருகு சுற்றவே இல்லை, தேங்காயெண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்துத்தான் கழற்றினேன். இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, திருகுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுகிறேன். கேபிள் முனையை உபயோகிக்காத நேரம் தலையணை உறைக்குள் போட்டுவிடுங்கள். பச்சை பிடித்த முனையைப் போனில் குத்தினால் அந்தப் பச்சை போனுக்குள்ளும் போகும்.